ஜேவி பேஸ்பால் அணி உங்கள் கைக்கு வந்தால்: பையன்களை வளர்ப்பதும் ஆட்டத்தை வெல்வதும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பேஸ்பால் வசந்த கால ஆட்டம். தெற்கு மாநிலங்களில் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். வடக்கே பனி விலகி மார்ச் வரவேண்டும். அதற்குச் சில வாரம் முன்பு பல பள்ளிகளில் ஜேவி அணிக்குப் பயிற்சியாளர் தேடும் படலம் நடக்கும். மகன் லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) ஆடிய காலத்தில் மைதானத்துக்குக் கோடு போட்ட அப்பா, கல்லூரியில் கொஞ்சம் ஆடிவிட்டு இப்போது அதே பள்ளியில் கணக்கு நடத்தும் ஆசிரியர் என்று யாராவது ஒருவர் சரி என்று தலையாட்டிவிடுவார். இந்தக் கட்டுரை அவருக்காக.

ஜேவி என்பது ஜூனியர் வார்சிட்டி. பள்ளியின் முதன்மை அணி வார்சிட்டி. அதற்கு அடுத்த படி இது. பெரும்பாலும் 9, 10-ஆம் வகுப்பு மாணவர்கள், கூடவே சில 11-ஆம் வகுப்புப் பையன்கள். 12-ஆம் வகுப்புக்காரரை ஜேவியில் வைக்கப் பல பள்ளிகள் விடுவதில்லை. வார்சிட்டிக்கு மாநில அளவில் பிளேஆஃப் (பருவ முடிவில் பட்டத்துக்கு நடக்கும் ஆட்டங்கள்) உண்டு. ஜேவிக்குப் பொதுவாகக் கிடையாது. ஜேவி எத்தனை ஆட்டம் வென்றது என்பதை ஜூன் மாதத்தில் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஸ்கோர்போர்டு எரிகிறது, அம்பயர் நிற்கிறார், பெற்றோர் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுகிறார்கள். 15 வயதுப் பையனுக்குத் தோற்கப் பிடிக்காது. பிடிக்கவும் கூடாது.

வளர்ச்சியா வெற்றியா என்று ஆட்டத்தின் நடுவே நின்று யோசித்தால், ஒவ்வொரு முறையும் வெற்றி பக்கம்தான் மனம் சாயும். ஆறாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, அந்த நேரத்தில் எந்தக் கொள்கையும் நிற்காது. அதனால் மூன்று விஷயங்களை முதல் நாள் இரவே தாளில் எழுதி முடித்துவிடுங்கள்: யார் எத்தனை பந்து வீசுவார், யார் எத்தனை இன்னிங்ஸ் ஆடுவார், யார் எந்த இடத்தில் நிற்பார். மைதானத்தில் இறங்கியபின் அந்தத் தாளுக்குள் இருந்துகொண்டு முழு மூச்சாக வெல்லப் பாருங்கள். இனி வருவதெல்லாம் அந்தத் தாளைத் தயாரிக்கும் வழிதான்.

1. முதலில் வார்சிட்டி பயிற்சியாளரோடு உட்காருங்கள்

ஜேவி தனி சமஸ்தானம் இல்லை. வார்சிட்டியின் தலைமைப் பயிற்சியாளர்தான் மொத்தத்துக்கும் பொறுப்பு. டிரைஅவுட்டுக்கு (அணித் தேர்வுக்கு) முன்பே அவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஆண்டு எந்தெந்த இடம் காலியாகிறது என்று முதலில் கேளுங்கள். வார்சிட்டி கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) 12-ஆம் வகுப்பு முடித்துப் போகிறார், பின்னால் ஆள் இல்லை என்றால், உங்கள் அணியில் இரண்டு பேரையாவது கேட்சராக ஆடவைத்தே ஆகவேண்டும். அதனால் ஓரிரு ஆட்டம் கைவிட்டுப் போனாலும் போகட்டும். அடுத்து, பன்ட் (மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) வந்தால் யார் ஓடுவது, கட்ஆஃப் (வெளிக்களத்து எறிதலை நடுவில் வாங்கி எறிபவர்) யார், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் (ரன் எடுக்க ஓடித் தொடவேண்டிய இடங்கள்) ரன்னர் நிற்கும்போது என்ன செய்வது என்பதற்கெல்லாம் வார்சிட்டியில் என்ன பெயர், என்ன சைகை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை அப்படியே ஜேவியிலும் வையுங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல முறை தெரிந்திருக்கலாம். இருக்கட்டும். கீழே ஒரு சைகை, மேலே ஒரு சைகை என்றால், மேலே போன பையன் முதல் வாரம் முழுக்க விழித்துக்கொண்டு நிற்பான்.

ஜேவி பையனை வார்சிட்டிக்கு எப்போது இழுப்பார், அதைப் பையனிடம் யார் சொல்வது, எந்தப் பந்து வீசுவது என்பதை டக்அவுட்டிலிருந்து (அணி உட்காரும் இடம்) நீங்கள் சொல்லவேண்டுமா அல்லது கேட்சரிடம் விடலாமா, எல்லாருக்கும் குறைந்தபட்ச ஆட்ட நேரம் என்று பள்ளிக்கு ஏதாவது கொள்கை உண்டா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

காகித வேலைகளும் உண்டு. பின்னணிச் சோதனை, தலையில் அடிபட்டால் கவனிப்பது பற்றிய இணையப் பயிற்சி, முதலுதவி, பயிற்சியாளர்களுக்கான அடிப்படைப் பாடம் என்று மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் மாறும். பள்ளியின் விளையாட்டு இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் ஒரே தாளில் கொடுத்துவிடுவார்கள்.

2. விதிகளில் உங்களுக்கு உதவுபவை

உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் விதிகளை எழுதுவது என்.எஃப்.எச்.எஸ். என்ற தேசியக் கூட்டமைப்பு. அதன் மேல் மாநிலச் சங்கமும் லீக்கும் சில மாற்றங்களை ஏற்றி வைக்கும். ஆட்டம் 7 இன்னிங்ஸ். ஜேவியில் நேர வரம்பு வைத்துக் குறைப்பதும் உண்டு. 10 ரன் வித்தியாசம் இருந்தால் 5 இன்னிங்ஸோடு முடித்துக்கொள்ளும் விதியைப் பல மாநிலங்கள் வைத்திருக்கின்றன.

டிவியில் மேஜர் லீக் (தொழில்முறை பேஸ்பால்) மட்டும் பார்த்துப் பழகியவருக்குத் தெரியாத மூன்று சலுகைகள் இங்கே இருக்கின்றன. ஆட்டத்தைத் தொடங்கிய எந்த வீரரையும் வெளியே எடுத்து, ஒரு முறை மறுபடி உள்ளே விடலாம். பேட்டிங் வரிசையில் அவருடைய அதே இடத்துக்குத்தான் வரவேண்டும். மாற்று ஆளாக வந்தவர் வெளியே போனால் போனதுதான். இரண்டாவது, பல மாநிலங்களில் பிட்சருக்கும் (பந்து வீசுபவர்) கேட்சருக்கும் பதிலாக பேஸில் ஓட, அதுவரை ஆட்டத்தில் இறங்காத ஒருவரை அனுப்பலாம். மூன்றாவது, 2020 முதல், தொடக்க வீரர் ஒருவரையே களத்திலும் டிஎச்சாகவும் (பேட் மட்டும் செய்பவர்) சேர்த்து எழுதலாம். பிறகு அவருடைய களத்து இடத்துக்கு வேறொருவர் வந்தாலும் அவர் தொடர்ந்து பேட் செய்யலாம். இந்த மூன்றையும் பயன்படுத்தத் தெரிந்தால், பெஞ்சில் உட்கார்ந்து விதை மெல்லும் பையன்களின் எண்ணிக்கை பாதியாகும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லிட்டில் லீக் மைதானத்தில் பேஸுக்கு பேஸ் 60 அடி, பிட்சர் நிற்பது 46 அடியில். உயர்நிலைப் பள்ளியில் 90 அடி, 60 அடி 6 அங்குலம். நடுவில் ஓரிரு ஆண்டு பெரிய மைதானத்தில் ஆடியிருந்தாலும், 9-ஆம் வகுப்புப் பையனுக்கு உடம்பு இன்னும் அந்த அளவுக்கு வந்திருக்காது. மட்டையும் மாறுகிறது. உயர்நிலைப் பள்ளியில் 2012 முதல் பிபிகார் (பந்து தெறிக்கும் வேகத்துக்கு வரம்பு உள்ள) மட்டைதான்; அங்குலத்தில் உள்ள நீளத்தைவிட அவுன்ஸில் உள்ள எடை 3-க்கு மேல் குறையக் கூடாது. முந்தைய ஆண்டு வரை எட்டோ பத்தோ குறைவான இலகு மட்டையைச் சுழற்றிய பையன் இப்போது மார்ச் குளிரில் திணறுவான். ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே உள்ள இடம்) எறியும் பந்து தரையில் குத்தி முதல் பேஸுக்குப் போகும். டிரைஅவுட்டில் அவன் ‘தேறமாட்டான்’ என்று முத்திரை குத்த அவசரப்படாதீர்கள். கால் வேலை, கை எங்கிருந்து வருகிறது, பந்தைத் தவறவிட்ட பிறகு என்ன செய்கிறான், இவற்றைப் பாருங்கள். உயரமும் பலமும் பின்னால் வரும்.

3. கைக் கணக்கை முதலில் போடுங்கள்

தாளில் முதலில் நிரப்பவேண்டியது பிட்சர் பத்திதான். மற்ற எதிலும் தவறினால் ஒரு ஆட்டம் போகும். இதில் தவறினால் ஒரு பையனின் முழங்கை போகும்.

2017 முதல் எல்லா மாநிலச் சங்கமும் எறிந்த பந்துகளின் எண்ணிக்கையை வைத்தே பிட்சருக்கு வரம்பு விதிக்கவேண்டும் என்று என்.எஃப்.எச்.எஸ். சொல்லிவிட்டது. அதற்கு முன் பல இடங்களில் இன்னிங்ஸ் கணக்குதான் இருந்தது. எண்ணிக்கை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் மாநில அட்டவணையே உங்களுக்குச் சட்டம். பொதுவான அளவுகோல் வேண்டுமென்றால், மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலைப் பாருங்கள். 15–16 வயதுக்கு ஒரு நாளில் உச்ச வரம்பு 95 பந்து. 30 வரை வீசினால் ஓய்வு தேவையில்லை. 31–45 என்றால் ஒரு நாள். 46–60 என்றால் 2 நாள். 61–75 என்றால் 3 நாள். 76-உம் அதற்கு மேலும் என்றால் 4 நாள்.

இந்த எல்லைகளை வைத்து வாரத்தைத் திட்டமிடலாம். செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று ஆட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செவ்வாயன்று 45-வது பந்தோடு ஒருவனை நிறுத்தினால் அவன் வியாழன் வீசலாம். 46 ஆகிவிட்டால் முடியாது. 75-இல் நிறுத்தினால் சனிக்கிழமை கிடைப்பான். 76 என்றால் கிடைக்கமாட்டான். ஒரு பேட்டர் நடுவில் இருக்கும்போது எல்லை தாண்டினால் என்ன கணக்கு என்பதையும் உங்கள் மாநில விதியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிரணிப் பயிற்சியாளர் நிச்சயம் பார்த்திருப்பார்.

ஜேவி மட்டத்தில் ஒரு இன்னிங்ஸுக்கு 16 முதல் 20 பந்து போவது சர்வ சாதாரணம். 7 இன்னிங்ஸுக்கு 110 முதல் 140. வாரம் மூன்று ஆட்டம் என்றால் 400-ஐத் தொடும். இதை இரண்டு மூன்று நல்ல பிட்சர்கள் மட்டும் சுமக்க முடியாது. குறைந்தது ஆறேழு பேர் வேண்டும். ஆகவே முதல் வாரத்திலேயே, கேட்சர்களைத் தவிர எல்லாரையும் புல்பென்னில் (பிட்சர்கள் வீசிப் பழகும் இடம்) ஒரு முறை வீசச் சொல்லிப் பாருங்கள். ‘நான் பிட்சர் இல்லை கோச்’ என்று சொன்ன பையன்களில் ஒருவன் நேராக வீசுவான். நேராக வீசினால் போதும், வேகம் பின்னால் வரட்டும்.

அட்டவணை அனுமதிக்கிறது என்பதற்காக 95 வரை போகாதீர்கள். பருவத்தின் முதல் இரண்டு வாரம் யாரும் 40-ஐத் தாண்டவேண்டாம். ஒரே இன்னிங்ஸில் 30 பந்து போய்விட்டால், மொத்தக் கணக்கு குறைவாக இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது. பந்து மேலே மேலே போவது, முழங்கை தாழ்வது, ஒவ்வொரு பந்துக்கும் நடுவே நேரம் கூடுவது, கையை உதறுவது எல்லாம் சோர்வின் அடையாளம். பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கை சோர்ந்த நிலையில் வழக்கமாக வீசியவர்களுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு 36 மடங்கு என்று கண்டார்கள். ஆண்டில் 8 மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்களுக்கு 5 மடங்கு. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த முழங்கைத் தசைநார் சிகிச்சை அந்த பிட்சரின் பெயரிலேயே இன்று வழங்குகிறது. இப்போது அது உயர்நிலைப் பள்ளிப் பையன்களுக்கும் நடக்கிறது.

பள்ளிக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பையனிடமே கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டிராவல் அணிக்கு (பள்ளிக்கு வெளியே உள்ள தனி அணி) 60 பந்து வீசிவிட்டு, திங்கள் உங்கள் முன்னால் வாய் திறக்காமல் நிற்பவர்கள் உண்டு. உங்கள் ஏட்டில் அது இல்லை. அவன் தோளில் இருக்கிறது. ஒருவனை பிட்சராகவும் கேட்சராகவும் மாற்றி மாற்றி ஆடவைக்காதீர்கள். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வீசி முடித்தவனை முதல் பேஸில் நிறுத்துங்கள், இல்லையென்றால் பேட் மட்டும் செய்யட்டும்.

4. இன்னிங்ஸைப் பங்கிடுங்கள்

ஒன்பது இடம், ஏழு இன்னிங்ஸ்: மொத்தம் 63 துண்டு. அணியில் 15 பேர் என்றால் தலைக்கு நாலேகால். வெளியூர் ஆட்டத்தில் கவனம்: அங்கே உள்ளூர் அணிதான் இரண்டாவதாக பேட் செய்யும், எனவே எதிரணி முன்னிலையில் இருந்தால் ஏழாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி நடக்காது. அப்போது உங்கள் பையன்கள் களத்தில் நிற்பது ஆறு இன்னிங்ஸ்தான், 54 துண்டு. ‘கடைசி இன்னிங்ஸில் விடுகிறேன்’ என்று யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால் அது காற்றில் போகும். தாளில் கடைசி இன்னிங்ஸை நம்பி யாரையும் எழுதாதீர்கள்.

குறைந்தபட்சமாக நான் சொல்வது: ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் களத்தில் இரண்டு இன்னிங்ஸ், மட்டையோடு ஒரு வாய்ப்பு; வாரத்தில் ஒரு ஆட்டமாவது தொடக்க ஒன்பதில் இடம். அன்று வீசும் பிட்சர்களுக்கு வேறு கணக்கு. இதற்கு மேல் யார் அதிகம் ஆடுகிறார் என்பது உழைப்புக்கும் ஆட்டத்துக்கும் உரியது. எல்லாருக்கும் சரிசமம் என்று பிரிக்கவேண்டாம். இடத்துக்குப் போட்டி இல்லாத அணியில் பயிற்சி நாட்கள் தூங்கி வழியும்.

திரும்ப உள்ளே வரும் விதி இங்கேதான் கைகொடுக்கும். பலமான ஒருவன் 1 முதல் 3 வரை ஆடட்டும். 4, 5-இல் மாற்று ஆள். 6, 7-இல் முதலாமவன் திரும்பி வருவான். இரண்டு பேரும் ஆடியாயிற்று, கடைசியில் உங்கள் நல்ல ஒன்பது பேரும் களத்தில் இருக்கிறார்கள். ஆனால் இதையே எல்லா ஆட்டத்திலும் செய்தால் அந்த மாற்று ஆளுக்கு ஆட்டத்தின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள் தலைகீழாக்குங்கள்: அவன் தொடங்கி, நடுவில் உட்கார்ந்து, ஏழாவதில் திரும்ப வரட்டும்.

மூன்று ஆட்ட வாரத்தில் ஒன்றை மட்டும் ‘வெல்லும் ஆட்டம்’ என்று குறியுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நடப்பது போன்ற ஒன்று. அன்று குறைந்தபட்சத்துக்கு மேல் எல்லாம் பலமான ஒன்பதுக்கே. அந்த ஒன்பதில் இடம் பிடிப்பதற்காக மற்ற நாட்களில் எல்லாரும் உழைப்பார்கள். இதுவும் முன்கூட்டியே தீர்மானித்தது என்பதால் யாரும் ஏமாந்துபோக மாட்டார்கள். தொடர்ந்து 12–0, 15–1 என்று அடிவாங்கும் அணியும் எதையும் கற்பதில்லை என்பது உண்மைதானே. ஐந்து இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்தால் எல்லாருக்கும் இன்னிங்ஸ் குறைவு.

5. யார் எங்கே நிற்பது

டிரைஅவுட் படிவத்தில் ‘உன் இடம் எது’ என்று கேட்டால் பாதிப்பேர் ஷார்ட்ஸ்டாப் என்று எழுதுவார்கள். 12 வயதில் அந்தந்தத் தெருவின் சிறந்த பையன் எல்லாம் ஷார்ட்ஸ்டாப்தான். உயர்நிலைப் பள்ளியில் ஒரே ஒரு ஷார்ட்ஸ்டாப். எனவே ஒவ்வொருவருக்கும் முதல் இடம் ஒன்று, இரண்டாம் இடம் ஒன்று. இரண்டாம் இடத்தை வார்சிட்டியின் தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பையனிடம் காரணத்தைச் சொல்லுங்கள்: ‘அடுத்த வருஷம் மேலே செண்டர் ஃபீல்ட் காலி, உனக்குக் கால் வேகம் இருக்கிறது.’ இப்படிச் சொன்னால் முகம் சுளிக்காமல் போய் நிற்பான். மேஜர் லீக் பிட்சர் ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாகத்தான் இருந்தார். கல்லூரியில்தான் பிட்சராக மாறினார். 2018, 2019 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். ஷார்ட்ஸ்டாப் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பையனிடம் இந்தக் கதை நன்றாக வேலை செய்யும்.

பலவீனமான பையனை ரைட் ஃபீல்டில் (வலது வெளிக்களம்) ஒளித்து வைப்பது பழைய வழக்கம். ஒரு பருவம் முழுக்க ஒருவனை அங்கேயே விட்டால் அவனுக்கு வாரத்துக்கு நாலு பந்து வந்தால் அதிகம். அப்படி ஒருவன் இருந்தால் பயிற்சியில் அவனுக்குத்தான் அதிகப் பந்து அடியுங்கள்.

6. ஜேவியில் எது வெல்லவைக்கிறது, எது ஏமாற்றுகிறது

ஜேவி ஆட்டங்கள் பெரிய அடியால் தீர்மானிக்கப்படுவது குறைவு. வாக் (நான்கு தவறான பந்துக்கு பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்), எரர் (களத்தில் செய்யும் தவறு), கேட்சரைத் தாண்டிப் போகும் பந்து, தேவையில்லாத இடத்துக்கு எறிந்து இலவசமாகக் கொடுத்த பேஸ் என்று ரன்கள் வரும் வழி பெரும்பாலும் இவைதான். இரண்டு அணியும் இலவசமாகக் கொடுத்ததை எண்ணிப் பாருங்கள். குறைவாகக் கொடுத்த அணி பெரும்பாலும் வென்றிருக்கும். உங்களுக்கு இது நல்ல செய்தி. முதல் பந்தை ஸ்ட்ரைக்காக (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள்) வீசுவது, நேராக வரும் தரைப் பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிவது, கட்ஆஃப் ஆளின் மார்புக்கு எறிவது, பேஸுகளுக்கு நடுவே மாட்டிய ரன்னரை இரண்டே எறிதலில் பிடிப்பது ஆகியவைதான் வார்சிட்டிக்கும் வேண்டியவை. பயிற்சி நேரத்தில் முக்கால் பங்கை இங்கே போட்டால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே தேறும். ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் எல்லாரும் வரிசையில் நின்று ஒருவன் மட்டும் பேட் செய்யும் காட்சி இருந்தால், அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மைதானத்தை மூன்று நாலு இடமாகப் பிரியுங்கள்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். இந்த மட்டத்தில் மட்டும் பலிக்கும் சில வித்தைகள் உண்டு. எதிரணி கேட்சருக்கு இரண்டாம் பேஸ் வரை எறியக் கை பலம் இல்லை என்று தெரிந்துவிட்டால், பேஸுக்கு வந்தவனெல்லாம் ஸ்டீல் (பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது) செய்து ரன் குவிக்கலாம். மேலே போனால் அதே பையன் அவுட். ஆகவே ஓடுவதை நிறுத்தவேண்டாம். ஆனால் பிட்சரின் முதல் அசைவைப் படித்து ஓடினானா, வெறுமனே ஓடினானா என்று கேளுங்கள். ஏழெட்டு ரன் முன்னிலைக்குப் பிறகு ஓடுவதை விட்டுவிடுங்கள். பேஸ்பாலில் அது மரியாதையும்கூட.

கர்வ்பாலும் (வளைந்து இறங்கும் பந்து) அப்படித்தான். 15 வயது பேட்டர்களில் பலருக்கு அது ஆடத் தெரியாது. உங்கள் பிட்சரிடம் சுமாரான கர்வ் இருந்தாலே திரும்பத் திரும்பப் போடச் சொல்லி ஆட்டத்தை வெல்லலாம். பருவம் முடியும்போது அவனுக்கு ஃபாஸ்ட்பாலை வெளி மூலையில் இரண்டு முறை தொடர்ந்து போடத் தெரியாது. வார்சிட்டியில் முதல் கேள்வியே அதுதான். முதல் சுற்று பேட்டர்களுக்கு ஃபாஸ்ட்பாலும் சேஞ்சப்பும் (வேகம் குறைத்து வீசும் பந்து) மட்டும் என்று ஒரு வரம்பு வைத்துப் பாருங்கள். சில இன்னிங்ஸில் பிட்ச் தேர்வைக் கேட்சரிடமே விட்டுவிடுங்கள். தப்பாகச் சொல்வான், ஒருவன் தூக்கி அடிப்பான், அப்புறம் பெஞ்சுக்கு வந்ததும் ஏன் அதைக் கேட்டாய் என்று பேசலாம்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இன்னொன்று. அணியிலேயே குள்ளமான 9-ஆம் வகுப்புப் பையனைப் பார்த்து ‘மட்டையைச் சுழற்றாதே, வாக் வாங்கு’ என்று சைகை காட்டுவது. எதிரணி பிட்சருக்கு அவனுடைய சிறிய ஸ்ட்ரைக் எல்லை கிடைக்காது, வாக் வரும், ரன்னும் வரலாம். அந்தப் பையன் மூன்று மாதம் மட்டையைத் தோளில் வைத்தபடியே நிற்பான். 2–0, 3–1 போன்ற (தவறான பந்து முதலில், ஸ்ட்ரைக் அடுத்து) எண்ணிக்கையில் அவனை அடிக்க விடுங்கள். அவுட் ஆகட்டும்.

7. ஆட்ட நாள்

தாள் டக்அவுட் சுவரில் ஒட்டியிருக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும். எந்த இன்னிங்ஸில் யார் போகிறார் என்று தெரிந்தால், மூன்றாவது இன்னிங்ஸிலேயே அந்தப் பையன் தோளைச் சுழற்ற ஆரம்பிப்பான். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். பந்து எண்ணிக்கையை எழுத ஒருவரைத் தனியாக நியமியுங்கள். ஸ்கோர் பதியும் கேம்சேஞ்சர் செயலியிலும் ஏற்றலாம். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எதிரணி கணக்கோடு ஒத்துப் பார்த்துக்கொண்டால் பின்னால் தகராறு இல்லை.

தாளில் இல்லாத எல்லாமே அந்த நேரத்தில் நீங்கள் வெல்வதற்காக எடுக்கும் முடிவு: பன்ட் போடுவதா, இன்ஃபீல்டை முன்னால் இழுப்பதா, ஓடச் சொல்வதா, பிட்சரோடு பேசப் போவதா, எழுதிவைத்த மூன்று பிட்சர்களில் யாரை எப்போது அனுப்புவது. தாராளமாக வெல்லப் பாருங்கள். பையன்களும் அதைப் பார்க்கவேண்டும்.

சரி, ஏழாவது இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னிலை. தாளில் இருப்பதோ அணியின் ஐந்தாவது பிட்சர். மாற்றலாமா? மாற்றவேண்டாம் என்பேன். முன்னிலையோடு ஏழாவதில் பிட்சர் மேட்டில் நின்று வீசுவது புல்பென்னில் கற்க முடியாத பாடம். ஆனால் அவனை நட்டாற்றில் விடவும் கூடாது. வெளியேறும் வழியையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்: தொடர்ந்து இரண்டு வாக், அல்லது 25 பந்து, அப்போது அடுத்தவன். அவனிடமும் சொல்லிவைத்தால், நீங்கள் பந்தை வாங்க நடந்து வரும்போது அது தண்டனையாகத் தெரியாது.

8. பெற்றோர்

முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு கூட்டம் போடுங்கள். அரை மணி போதும். குறைந்தபட்ச ஆட்ட நேரம் எவ்வளவு, பந்து வரம்பு எவ்வளவு, வெல்லும் ஆட்டம் என்றால் என்ன என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆட்ட நேரம் பற்றிய கேள்வியை முதலில் பையனே வந்து கேட்கவேண்டும், பிறகுதான் பெற்றோர், அதுவும் ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்து. அடுத்தவர் பிள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

டெக்சாஸ், நியூ ஜெர்சி, கலிபோர்னியா பக்கம் இருக்கும் நம் ஊர்ப் பெற்றோர் கேட்கும் கேள்வி கொஞ்சம் வேறு: ‘ஜேவி ஆடினால் கல்லூரி விண்ணப்பத்துக்கு உபயோகமா?’ இரண்டு ஆண்டு ஒரு அணியில் விடாமல் நின்றான் என்று எழுதலாம், அவ்வளவுதான் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஜேவி ஆட்டத்தைப் பார்க்கக் கல்லூரி அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவதில்லை. மே மாத முதல் இரண்டு வாரத்தில் ஏபி தேர்வுகள் (கல்லூரி மட்டப் பாடங்களுக்கானவை) வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் யார் யார் இருப்பார்கள் என்று ஏப்ரலிலேயே கேட்காவிட்டால், சனிக்கிழமை எட்டுப் பேரோடு நிற்பீர்கள்.

9. மேலே போகும் பையன்

உங்களுடைய சிறந்த பிட்சரை வார்சிட்டி ஏப்ரல் நடுவில் கேட்கும். கொடுத்துவிடுங்கள், அதற்காகத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அங்கே ஆடுவானா, உட்காருவானா? மேலே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்க் குடம் சுமப்பதைவிட, கீழே வாரம் பத்து முறை பேட் செய்வது 10-ஆம் வகுப்புப் பையனுக்கு நல்லது. முடிவு தலைமைப் பயிற்சியாளருடையது. ஆனால் இதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரே நாளில் இரண்டு மட்டத்திலும் ஆடலாமா என்பதற்கு மாநில விதி இருக்கும்; பார்த்துவிட்டு அனுப்புங்கள். பந்து எண்ணிக்கை அவனோடு கூடவே மேலே போகும் என்பதை மறக்கவேண்டாம்.

10. பருவம் முடியும்போது

ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்த மூன்று மாதத்தில் எது கூடியது, வார்சிட்டிக்கு இன்னும் என்ன வேண்டும், கோடையில் எதைச் செய்யவேண்டும் என்று மூன்றே வரி எழுதிக் கொடுங்கள். பிட்சர்களுக்கு நான்காவதாக ஒரு வரி: ஆண்டில் குறைந்தது 4 மாதம் போட்டியில் வீசாமல் இரு, எந்த மாதங்கள் என்று இப்போதே தீர்மானி. வரும் ஆண்டு அணியில் இடம் கிடைப்பது கடினம் என்றால் அதையும் நேரில் சொல்லிவிடுங்கள். பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். அந்தத் தாள்களின் நகலையும் மொத்த இன்னிங்ஸ், பந்துக் கணக்கையும் தலைமைப் பயிற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் சீருடையைத் திருப்பி வாங்கும் நாள்தான் வசதி. அன்றைக்குத்தான் எல்லாரும் கட்டாயம் வருவார்கள்.